கடல் சூடேறுகிறது, கரை விலைபோகிறது

ஒடிசா மாநிலம் கேந்திரபாடா மாவட்டத்தின் கடற்கரையில் சதபாயா என்றொரு ஊர்த்தொகுதி இருந்தது. ஏழு சகோதரர்கள் என்பது அப்பெயரின் பொருள். அந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் விழுங்கியது. எஞ்சி நின்ற ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்நிலத்தில் பாகபாட்டியா என்னும் மறுவாழ்வுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. மீனவப் பெண்களே பூசை செய்துவந்த பஞ்சுபராஹி கோயிலின் சிலைகளும் 2018 ஏப்ரலில் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. குடியேறியவர்களுக்கு வீட்டுமனை கிடைத்தது. கடல் கொண்டுபோன விளைநிலத்துக்கு ஈடாக விளைநிலம் கிடைக்கவில்லை. நெல் விளைவித்த குடும்பங்களின் இளைஞர்கள் கூலி வேலை தேடிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் புறப்பட்டார்கள். நம் ஊர்க் கட்டுமானத் தளங்களில் 'வடநாட்டான்' என்று ஏளனமாக அழைக்கப்படும் ஒடியா இளைஞர்களில் சிலர், கடலால் துரத்தப்பட்டு வந்தவர்களாக இருக்கக்கூடும்.

இதற்கு ஆளும் வர்க்கம் வைத்திருக்கும் பெயர் 'இயற்கைச் சீற்றம்'. அது மிக வசதியான சொல். இயற்கை சீறினால் யார் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. யாரிடமும் ஈடு கேட்க முடியாது. ஆண்டுதோறும் புயல் வரும், அமைச்சர்கள் உலங்கூர்தியில் சுற்றிவருவார்கள், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும், அடுத்த புயல்வரை யாவும் மறக்கப்படும். ஆனால், இன்று நம் கடலுக்கும் பருவமழைக்கும் நேர்ந்துகொண்டிருப்பவை எதிர்பாராதவை அல்ல. அவை அளக்கப்பட்டவை, கணிக்கப்பட்டவை, ஒன்றிய அரசின் கோப்புகளிலேயே எழுதப்பட்டவை. தெரிந்தே செய்யப்படும் குற்றத்துக்குச் சீற்றம் என்று பெயரிடுவதை நாம் ஏற்க இயலாது.

அரசே எழுதிய சாட்சியம்

2020ஆம் ஆண்டில் ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம், இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றம் குறித்து விரிவான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எதிர்க்கட்சிகளோ அயல்நாட்டுத் தொண்டு நிறுவனங்களோ எழுதிய அறிக்கை அன்று அது. மோடி அரசின் சொந்த விஞ்ஞானிகள் எழுதியது.

அந்த அறிக்கை சொல்வது இது: 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. உமிழ்வு கட்டுப்படுத்தப்படாமல் தொடர்ந்தால், இந்நூற்றாண்டின் இறுதியில் அது அண்மைக்காலச் சராசரியைவிட 4.4 டிகிரி அதிகமாக இருக்கும். கோடை வெப்ப அலைகள் மூன்று நான்கு மடங்கு பெருகும். 1951க்கும் 2015க்கும் இடையில் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைந்துள்ளது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தச் சரிவு குறிப்பிடத்தக்கது. ஆனால், அதே காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித்தீர்க்கும் பெருமழை நிகழ்வுகள் சுமார் 75 விழுக்காடு அதிகரித்துள்ளன.

மொத்த மழை குறைகிறது, கொட்டும் மழை கூடுகிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதன் காரணம் எளியது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கும் ஈரப்பதம் சுமார் ஏழு விழுக்காடு கூடும். நீண்ட நாள் பெய்யாமல் தேக்கிவைத்து, சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது வானம். விவசாயிக்கு இதன் பொருள் வேறு. விதைத்த பின் மூன்று வாரம் வறட்சி. கதிர் முற்றியபின் ஒரே இரவில் வெள்ளம். சராசரி மழையளவை வைத்து 'இயல்பான பருவமழை' என்று அறிவிக்கப்படும் ஆண்டிலும் அவர் கடனாளி ஆகிறார்.

கடலின் கதை இதனினும் கொடியது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்திருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரிதான். மற்றப் பெருங்கடல்களைப் போல இதற்கு வடக்கே திறந்த வழி இல்லை. நிலப்பரப்பு அடைத்து நிற்கிறது. சூடேறும் நீர் விரிவடைகிறது, துருவப் பனி உருகிச் சேர்கிறது. கடந்த நூற்றாண்டில் ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் வரை உயர்ந்துவந்த வட இந்தியப் பெருங்கடல், 1993க்கும் 2017க்கும் இடையில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். சுந்தரவனத்தின் தாழ்ந்த தீவுகளில் அது உப்பு நீர் புகுந்த வயலாகவும், உடைந்த மண்கரையாகவும், 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் அடித்தபோது வீட்டுக்குள் வந்த கடலாகவும் உருவெடுக்கிறது.

புயல்களின் குணமும் மாறிவருகிறது. அமைதியான கடல் என்று பெயர்பெற்ற அரபிக் கடலில், 1982 முதல் 2000 வரையிலான காலத்துடன் ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருப்பதாகப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சூடான கடல்நீர் புயலுக்கு எரிபொருள்; சாதாரணத் தாழ்வு மண்டலம் ஓரிரு நாளில் கடும்புயலாகிவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அப்படித்தான் வந்தது. ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர்களுக்குக் கரை திரும்பும் அவகாசம் கிடைக்கவில்லை. திரும்பி வராதவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களை நாம் மறந்துவிடவில்லை.

இனி வருவது என்ன? இதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஆண்டுக்கு இருபது நாட்களாக இருந்த கடல் வெப்ப அலை, உமிழ்வு கட்டுப்படுத்தப்படாவிட்டால் நூற்றாண்டின் இறுதியில் 220 முதல் 250 நாட்கள்வரை நீடிக்கும். அதாவது, இந்தியப் பெருங்கடல் ஏறத்தாழ நிரந்தரக் காய்ச்சலில் கிடக்கும். பவளப்பாறைகள் வெளுக்கும்; மீன் இனங்கள் குளிர்ந்த ஆழத்துக்கு நகரும். பெருவிசைப் படகு அவற்றைத் துரத்திப் போகும். கட்டுமரமும் நாட்டுப் படகும் போக முடியாது.

சாவிலும் வர்க்கம் உண்டு

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2019இல் அதே மாநிலத்தை ஃபானி தாக்கியபோது, பன்னிரண்டு லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளோடு நின்றது. காற்றின் வேகம் குறைந்ததால் உயிர்கள் பிழைக்கவில்லை. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட புயல் பாதுகாப்பு மையங்களும், பொதுத்துறை வானிலை ஆய்வும், ஊர்தோறும் இயங்கிய உள்ளூர் அமைப்புகளும் காப்பாற்றின. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை இயற்கை தீர்மானிக்கிறது. எத்தனை பேர் சாவார்கள் என்பதை அரசியல் தீர்மானிக்கிறது.

எச்சரிக்கை இருந்தும் லாபம் குறுக்கே நின்றால் என்னவாகும் என்பதற்கு 2021 மே மாதம் சான்று. டவ்தே புயல் வருகிறது என்று வானிலைத் துறை பல நாட்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த பி-305 என்னும் மிதவைக் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. அதில் 261 பேர் இருந்தனர். நங்கூரம் அறுந்து அது மூழ்கியபோது எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். புயல் எச்சரிக்கை அவர்களை எட்டாமல் போனதா, எட்டியும் வேலை நிறுத்தப்படாமல் போனதா? இரண்டில் எதுவாயினும் அதைக் 'கடலின் சீற்றம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட முடியாது.

வெப்பத்தைப் பாருங்கள். 2024 ஜூன் 1 அன்று மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் இறந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே தெரிவித்தார். காவல் பணியில் நின்றவர்களும் தூய்மைப் பணியாளர்களும் அவர்களில் அடக்கம். அரசுப் பணியில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், செங்கல் சூளையில், சாலைப் பணியில், கரும்பு வயலில், உணவு விநியோக இருசக்கர வாகனத்தில் சரிந்து விழுகிறவர்களை யார் கணக்கிடுகிறார்கள்? 2030இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை வெப்பத்தால் இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. அந்த இழப்பு யாருடைய கூலியில் கழிக்கப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இருந்தும், தேசியப் பேரிடர் நிவாரணத்துக்குரிய பேரிடர்கள் என ஒன்றிய அரசு அறிவித்த பன்னிரண்டில் உறைபனியும் குளிர் அலையும் இடம்பெற்றன. வெப்ப அலை இடம்பெறவில்லை. பட்டியலை விரிவுபடுத்துமாறு மாநிலங்கள் வைத்த கோரிக்கையில் பெரிய நியாயம் இல்லை என்று பதினைந்தாவது நிதிக்குழு கைவிரித்தது. தொழிலாளர் சட்டங்கள் 29ஐ நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசுக்கு, உச்சிவெயிலில் ஊதியத்துடன் கூடிய ஓய்வு என்ற ஒற்றை வரியை அவற்றில் உரிமையாக எழுத மனம் வரவில்லை.

பட்டியலில் உள்ள பேரிடர்களுக்கு மட்டும் நிதி வந்துவிடுகிறதா? 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. மீள்கட்டமைப்புக்குக் கேரளம் கேட்டது 2,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒன்றிய அரசு 529.50 கோடி ரூபாயைக் கடனாகக் கொடுத்து, அந்த மார்ச் 31க்குள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. பிணங்களைத் தோண்டி எடுத்த மக்களுக்குக் கடன் பத்திரம் நீட்டும் கூட்டாட்சி இது!

விற்பனைக்கு வந்த கடற்கரை

கடல் முன்னேறுகிறது என்று தெரிந்த ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? கரையின் இயற்கை அரண்களான மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் பாதுகாக்க வேண்டும். மீனவ மக்களின் குடியிருப்பு உரிமையை உறுதிசெய்ய வேண்டும். மோடி அரசு நேரெதிர்த் திசையில் நடக்கிறது.

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகி இருப்பதாகச் சொன்னது. மேற்கு வங்கத்தில் அது 60 விழுக்காடு. ஆனால், 2019 ஜனவரியில் வெளியான புதிய கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ன செய்தது? மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில், கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கடல் உள்ளே வருகிறது. கட்டடம் அதை எதிர்கொண்டு வெளியே போகிறது. அந்தக் கட்டடம் மீனவரின் குடிசை அன்று, சுற்றுலா விடுதி.

மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் வாத்வன் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 76,000 கோடி ரூபாய்க்கும் மேல். 1,448 ஹெக்டேர் கடலைத் தூர்த்து நிலமாக்கப் போகிறார்கள். இது தகாணு வட்டம். 1991இலேயே சூழல் நலிவுற்ற பகுதியென்று அறிவிக்கப்பட்ட மண். இவ்விடத்தில் துறைமுகம் கூடாதென்று 1998இல் தகாணு வட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் மறுத்தது. அதே ஆணையம் 2023இல் இசைவு தந்தது. இடைப்பட்ட காலத்தில் கடலும் மாறவில்லை, மீனவர்களின் எதிர்ப்பும் மாறவில்லை. மாறியது ஆட்சியாளர்களின் அவசரம். 1945இல் கோதாவரி பருலேகரின் வழிகாட்டலில் வார்லி ஆதிவாசிகள் செங்கொடி ஏந்திக் கொத்தடிமை முறையை எதிர்த்து எழுந்த அதே நிலத்தில், இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளும் மீனவர்களும் தோளோடு தோள் நின்று போராடுகிறார்கள்.

கடலடி மணலும் தப்பவில்லை. 2023இல் கடலோரக் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் பதின்மூன்று கடலடிச் சுரங்கப் பகுதிகள் ஏலத்துக்கு விடப்பட்டன. அவற்றில் மூன்று கேரளக் கடலின் மணல் பகுதிகள். மீன் முட்டையிடும் தரையைச் சுரண்டி எடுத்தால் மீன்வளம் என்னவாகும் என்று கேட்டு, 2025 பிப்ரவரியில் கேரளக் கடற்கரை முழுதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

உச்சம், பெரிய நிக்கோபார். 2004 ஆழிப்பேரலையின்போது அத்தீவின் தென்முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. அங்கே சரக்குப்பெட்டக முனையம், விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் ஆகியவற்றை அமைப்பதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு அழிக்கப்பட உள்ளது. அரசின் கணக்கிலேயே வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம். தோணி ஆமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடா, சரணாலயத் தகுதியை 2021இல் இழந்தது. வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடான மரங்களை எங்கே நடுவார்களாம்? அரியானாவில்! ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் தாயகம் பறிபோகிறது. முதலில் தந்த இசைவைப் பழங்குடி மன்றம் 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் ஒன்றிய அரசு பொருட்படுத்தவில்லை.

இரண்டு பொய்கள்

இவற்றையெல்லாம் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: 'புவியைச் சூடாக்கியது மேற்கு நாடுகள், நாம் ஏன் வளர்ச்சியைத் துறக்க வேண்டும்?' முற்பாதி முழு உண்மை. தொழிற்புரட்சிக் காலம் தொட்டு வெளியான கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவின் பங்கு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொன்னவர்கள் குறித்த காலத்தில் தரவில்லை. 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035இல் முப்பதாயிரம் கோடி என்று பேரம் முடிக்கப்பட்டது. ட்ரம்ப்போ பாரிஸ் உடன்படிக்கையிலிருந்தே வெளியேறினார். ஐரோப்பிய ஒன்றியம் தன் வரலாற்றுக் கடனை அடைக்காமல், நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் எல்லையில் கார்பன் கட்டணம் விதிக்கிறது. இந்த ஏகாதிபத்தியக் கயமையை எதிர்ப்பதில் நமக்கு எள்ளளவும் தயக்கம் இல்லை.

ஆனால், பிற்பாதி பொய். இந்தியரின் தலைவீத உமிழ்வு அமெரிக்கரினுடையதில் ஏழில் ஒரு பங்குதான் என்று பன்னாட்டு மேடையில் முழங்கும் ஒன்றிய அரசு, அந்தச் சராசரி எப்படிக் குறைந்தது என்பதைச் சொல்வதில்லை. விறகடுப்பில் சமைக்கும் ஜார்க்கண்ட் ஆதிவாசிப் பெண்ணும், மின்விசிறி இல்லாத பீகார் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்துதான் அதைக் குறைக்கிறார்கள். அவர்களின் வறுமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் தனி விமானத்தில் பறப்பவர்களும் நிலக்கரிச் சுரங்க ஏலதாரர்களும் ஒளிந்துகொள்கிறார்கள். நாடுகளுக்கிடையே நீதி கேட்பவர்கள் நாட்டுக்குள்ளும் அதைத் தர வேண்டும். தர மறுப்பவர்களின் ஏகாதிபத்திய எதிர்ப்பு வெறும் மேடைப்பேச்சு.

நம் வேலை

தோழர்களே, இங்கே நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலநிலை மாற்றம் என்றால் அது தொண்டு நிறுவனங்களின் பொருள், நகர நடுத்தர வர்க்கத்தின் கவலை என்ற எண்ணம் நம் கிளைகளில் இன்றும் இருக்கிறது. கூலி, நிலம், ரேஷன் என்ற 'உண்மையான' பிரச்சினைகள் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சதபாயாவின் விவசாயிக்கு நிலப் பிரச்சினை எது, காலநிலைப் பிரச்சினை எது? நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சரிந்த கட்டுமானத் தொழிலாளிக்கு வேலை நிலைமை எது, வானிலை எது? பிரித்துப் பார்ப்பது நாம்தான். அவர்களின் வாழ்க்கை பிரிப்பதில்லை.

கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. துறைமுகம் வந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞரிடமும், நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் எங்கே போவது என்று கேட்கும் தொழிலாளியிடமும் நாம் என்ன சொல்வது? உபதேசம் செய்யக் கூடாது. அந்தத் தொழிலாளி புவியைச் சூடாக்கியவர் அல்லர். தனது நுரையீரலைக் கொடுத்து நாட்டுக்கு மின்சாரம் தந்தவர். மாற்று வேலைக்கும் ஊதியத்துக்கும் சட்ட உத்தரவாதம் இல்லாமல் எந்தச் சுரங்கமும் மூடப்படலாகாது. மாற்று எரிசக்தி பொதுத்துறையில் வளர வேண்டும் என்று நாம் கோருவதும் இதனால்தான். சூரிய ஒளியையும் ஒருசில குழுமங்களிடம் ஒப்படைத்து, அங்கே ஒப்பந்தக் கூலிமுறையைப் புகுத்துவது மாற்றம் ஆகாது. சுரண்டலுக்குப் பச்சை வண்ணம் பூசுவதாகும்.

ஆகவே, நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். வெப்ப அலையைத் தேசியப் பேரிடராக ஏற்று, உச்சிவெயில் நேரத்தில் ஊதியத்துடன் கூடிய ஓய்வைச் சட்ட உரிமையாக்க வேண்டும். 2019 கடலோர அறிவிக்கையைத் திரும்பப் பெற்று, வனவுரிமைச் சட்டம்போல் மீனவ மக்களின் கடலுரிமை, கரையுரிமைக்குத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். கடலடிச் சுரங்க ஏலத்தையும், பெரிய நிக்கோபார், வாத்வன் திட்டங்களையும் கைவிட வேண்டும். கடலால் இடம்பெயர்க்கப்படும் மக்களுக்கு நிலத்துக்கு நிலம் என்ற அடிப்படையில் மறுவாழ்வு வேண்டும். பேரிடர் நிதி மாநிலங்களின் உரிமையாக வேண்டும். அதற்கான செலவைப் பெருஞ்செல்வர்கள் மீதான சொத்துவரியிலிருந்து திரட்ட வேண்டும்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிவைத்தால் போதாது. வரும் கோடையில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் கட்டுமானத் தளத்தில், சூளையில், சந்தையில் வெப்பத்தால் நோயுற்றோர், இறந்தோர், கூலி இழந்தோர் பட்டியலை எடுக்கட்டும். அரசு எண்ண மறுப்பவர்களை நாம் எண்ணுவோம். ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர் தங்கும் கொட்டகைகளுக்குச் சென்று, அவர்கள் எந்த ஊரை விட்டு, ஏன் வந்தார்கள் என்று கேட்போம். அவர்களைச் சங்கத்தில் சேர்ப்போம்.

கடல் எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுவிட்டார்கள். அது யாருடைய வீட்டுக்குள் நுழையும், யாருடைய மதிற்சுவருக்கு வெளியே நிற்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கணக்கை உழைக்கும் மக்களின் போராட்டமே எழுதும்.